அந்தப் பாட்டிலைச் சோதித்தது யார்?

2025 அக்டோபர் 1, ஆயுத பூஜை. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகள். எந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஊழியர்களுக்குப் பொரி கடலை கொடுத்து அனுப்பும் நாள் அது. அரசு அலுவலகங்களுக்கும் விடுமுறை. அன்று பிற்பகல்தான் மத்தியப் பிரதேசத்திலிருந்து தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அந்த அவசரத் தகவல் வந்தது. சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து இறக்கிறார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து உங்கள் ஊரில் தயாரானது.

விடுமுறை என்று பாராமல் அதிகாரிகள் சுங்குவார்சத்திரத்துக்குக் கிளம்பினார்கள். அங்கே ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ் என்ற சிறிய நிறுவனத்தில் ‘கோல்ட்ரிஃப்’ என்ற சிரப் தயாராகிக்கொண்டிருந்தது. எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சிலிருந்து மாதிரி எடுத்துச் சென்னையில் உள்ள அரசு மருந்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். ஓரிரு நாளில் முடிவு வந்துவிட்டது: மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். பெயின்ட்டிலும் பிரேக் ஆயிலிலும் புழங்குகிற நச்சு ரசாயனம். மருந்தில் இருக்கலாம் என்று விதி அனுமதிக்கும் அளவு 0.1 சதவீதம். அதைப் போல 486 மடங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் 5 மில்லி என்றால், ஒவ்வொரு ஸ்பூனிலும் ஏறத்தாழ இரண்டரை கிராம் விஷம். சளி பிடித்த பிள்ளைக்கு, ‘கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிடுடா’ என்று தாய்மார்கள் தங்கள் கையால் ஊட்டியது அதைத்தான்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. இரண்டு நாளில் கண்டுபிடிக்கக்கூடிய விஷம் இது. அந்த பேட்ச் தயாரானது 2025 மே மாதம். மே முதல் அக்டோபர் வரை அந்தப் பாட்டிலை அரசின் சார்பில் யாரும் திறந்து பார்க்கவில்லை.

சிறுநீர் நின்றுபோன குழந்தைகள்

சிந்த்வாரா மாவட்டத்தின் பராசியா பகுதியில் செப்டம்பர் தொடக்கத்திலேயே மரணங்கள் ஆரம்பித்துவிட்டன. சாதாரணக் காய்ச்சல், இருமல் என்று டாக்டரிடம் போன குழந்தைகள்தான். மருந்து குடித்த சில நாட்களில் வாந்தி, சோர்வு, பிறகு சிறுநீர் பிரிவது நின்றுபோனது. முதலில் தண்ணீரைச் சோதித்தார்கள், ஏதாவது தொற்றுநோயா என்று தேடினார்கள். வசதி போதாமல் பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நாக்பூருக்கு ஓடினார்கள். கடன் வாங்கி டயாலிசிஸ் செய்தார்கள். சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தபோதுதான் இது கிருமியின் வேலை இல்லை, நச்சின் வேலை என்ற சந்தேகம் வலுத்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுகூட நிரம்பாதவர்கள்.

டைஎத்திலீன் கிளைக்கால் நிறமற்றது, இனிப்பானது. மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரொப்பிலீன் கிளைக்காலுக்கும் கிளிசரினுக்கும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது; விலை மட்டும் குறைவு. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை உடைக்கிறது. அப்போது உருவாகும் டைகிளைக்காலிக் அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சிதைக்கிறது. உடனே கண்டறிந்தால் முறிமருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. ஆனால், விஷம் என்ற எண்ணமே யாருக்கும் வராத ஒரு சிற்றூரில், அந்த ‘உடனே’ எங்கே கிடைக்கும்?

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அக்டோபர் 3 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், சிந்த்வாராவில் எடுத்துச் சோதித்த மாதிரிகளில் இந்த நச்சு இல்லை என்றுதான் முதலில் அறிவித்தது. அதன் பிறகே தமிழ்நாட்டு ஆய்வகத்தின் முடிவு வெளியே வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. அந்த முதல் அறிவிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. சோதித்த மாதிரிகள் சுத்தமாக இருந்திருக்கலாம். எந்தப் பாட்டிலை எடுக்கிறோம், எந்த பேட்ச்சை எடுக்கிறோம் என்பதில்தான் உயிரே இருக்கிறது. நாலு பாட்டிலைப் பார்த்துவிட்டு நாடு முழுவதற்கும் நற்சான்று கொடுக்க முடியாது என்பதைச் சில மணி நேரத்தில் நாடே பார்த்தது.

364 குறைகள்

தொழிற்சாலையில் அதிகாரிகள் எழுதிவைத்த குறைகளின் எண்ணிக்கை 364. அவற்றில் 39 மிகக் கடுமையானவை, 325 பெரியவை. துருப்பிடித்த கருவிகள், திரவத்தை ஏற்ற பிளாஸ்டிக் குழாய்கள், தர உறுதிப் பிரிவு என்ற ஒன்றே இல்லாத நிலை, மருந்துத் தரம் இல்லாத மூலப்பொருள் என்று பட்டியல் நீண்டது. இதெல்லாம் ஒரே இரவில் வருகிற குறைகளா? துரு ஏற எத்தனை மழைக்காலம் வேண்டும்?

உரிமையாளர் அக்டோபர் 9 அன்று சென்னையில் கைதானார். சில நாட்களில் உரிமம் ரத்து, நிறுவனத்துக்குப் பூட்டு. முறையாக ஆய்வு நடத்தவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டின் மருந்து ஆய்வாளர்கள் இரண்டு பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். உரிமம் கொடுத்தது மாநிலம், மாநிலம்தான் பார்த்திருக்க வேண்டும் என்றது மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. இரவோடு இரவாகச் சோதித்து உண்மையைச் சொன்னதே நாங்கள்தான் என்றது மாநிலம். இரண்டுமே உண்மை. இரண்டு உண்மையும் சேர்ந்து சிந்த்வாராவின் ஒரு குழந்தையைக்கூடக் காப்பாற்றவில்லை.

சிந்த்வாராவில் இந்த மருந்தை எழுதிக்கொடுத்த குழந்தைகள் நல மருத்துவரும் கைது செய்யப்பட்டார். மருத்துவர் சங்கம் கொதித்தது. அவர் தரப்பில் தவறு உண்டா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால், கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் எந்த டாக்டரும் பாட்டிலைத் திறந்து கேஸ் குரோமட்டோகிராஃபி செய்து பார்க்க முடியாது. மருந்துக்கடைக்காரரால் முடியாது, பெற்றோரால் முடியாது. அதற்காகத்தான் அரசுக்கு வரி கட்டுகிறோம்.

பெட்டிச் செய்தி: மீண்டும் மீண்டும் அதே விஷம்

1937, அமெரிக்கா: ‘எலிக்ஸிர் சல்ஃபனிலமைடு’ குடித்து 100-க்கும் மேற்பட்டோர் மரணம்.
1972, சென்னை: பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள்.
1986, மும்பை: ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்படக் கிளிசரினால் 14 நோயாளிகள். நீதிபதி லென்டின் ஆணையம் விசாரித்தது.
1998, குருகிராம்: 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள்.
2019–20, ஜம்முவின் ராம்நகர்: 12 குழந்தைகளின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது தேசிய மனித உரிமை ஆணையம்.
2022, காம்பியா: 70 குழந்தைகள். ஹரியானா நிறுவனத்தின் சிரப்புகள் குறித்து உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. தங்கள் ஆய்வில் அந்த மருந்து சரியாகவே இருந்ததாகச் சொல்லி இந்திய அதிகாரிகள் மறுத்தார்கள்.
2022–23, உஸ்பெகிஸ்தான்: 68 குழந்தைகள். நொய்டாவில் தயாரான சிரப். 2024-ல் அந்நாட்டு நீதிமன்றம் 23 பேருக்குத் தண்டனை கொடுத்தது.
2025, சிந்த்வாரா.

அமெரிக்கா ஒரே முறையில் கற்ற பாடம்

மேலே உள்ள பட்டியலின் முதல் வரியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1937-ல் டென்னஸி மாநிலத்தின் மாசென்கில் நிறுவனம், சல்ஃபா மருந்தைத் திரவமாக்க டைஎத்திலீன் கிளைக்காலைப் பயன்படுத்தியது. ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தது. வாசனை, நிறம், சுவை எல்லாம் பார்த்தார்கள். விஷமா என்று மட்டும் பார்க்கவில்லை. அப்போது இருந்த சட்டம் பார்க்கச் சொல்லவும் இல்லை. மக்கள் செத்து விழ ஆரம்பித்ததும், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தன்னிடம் இருந்த 239 ஆய்வாளர்கள், வேதியியலாளர்கள் அனைவரையுமே களத்தில் இறக்கியது. மருந்துக்கடைகளின் சீட்டுகளைப் புரட்டி, வாங்கியவர் வீடு வீடாகப் போய், தயாரான 240 கேலனில் 234 கேலனை மீட்டார்கள். மீதி ஆறு கேலன்தான் அத்தனை பேரைக் கொன்றது.

அந்த மருந்தைக் கைப்பற்ற அவர்களுக்குக் கிடைத்த சட்டப்பூர்வக் காரணம் என்ன தெரியுமா? ‘எலிக்ஸிர்’ என்று பெயர் வைத்தால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை. ஆகவே பெயர் தவறு. நூறு பேரைக் கொன்ற மருந்தைப் பெயர்ப் பிழைக்காகத்தான் பிடிக்க முடிந்தது. இந்த வெட்கம்தான் 1938-ல் புதிய சட்டத்தைக் கொண்டுவந்தது: பாதுகாப்பானது என்று நிரூபித்துவிட்டு விற்பனைக்கு வா. அந்தச் சட்டத்தின் பலத்தில்தான் 1960-ல் ஃபிரான்சிஸ் கெல்ஸி என்ற பெண் அதிகாரி, தாலிடோமைடு மாத்திரைக்கு அனுமதி தராமல் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார். கர்ப்பிணிகள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டதால் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தபோது, அமெரிக்கா பெருமளவு தப்பியது. ஒரு அதிகாரி கையெழுத்துப் போட மறுத்ததால் பிழைத்த குழந்தைகள் அவர்கள்.

அதற்காக அமெரிக்க முறை ஓட்டையே இல்லாதது என்று நினைக்க வேண்டாம். 2023-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தயாரான கண் சொட்டு மருந்தைத் தொடர்புபடுத்தி, அமெரிக்காவில் 81 பேருக்கு மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா தொற்று கண்டறியப்பட்டது. நான்கு பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள். சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய சொட்டு மருந்து என்பதால் முன் அனுமதி தேவைப்படவில்லை. அந்தத் தொழிற்சாலைக்குள் எஃப்.டி.ஏ. அதிகாரிகள் கால் வைத்ததே தொற்று பரவிய பிறகுதான். யாரும் பார்க்காத வாசல் எதுவோ, ஆபத்து அதன் வழியாகத்தான் நுழைகிறது. அது அமெரிக்காவுக்கும் பொருந்தும்.

சட்டம் இருக்கிறது, கண் இல்லை

நம்மிடம் சட்டம் இல்லையா? மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-லேயே வந்துவிட்டது. கலப்பட மருந்தால் மரணம் நேர்ந்தால் பத்தாண்டு முதல் ஆயுள் தண்டனை வரை கொடுக்க 2008 திருத்தம் வழி செய்தது. ஒவ்வொரு பேட்ச்சின் மூலப்பொருளையும் தயாரித்த மருந்தையும் நிறுவனமே சோதிக்க வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. ஆனால், அந்தச் சோதனை உண்மையிலேயே நடந்ததா என்று பார்க்கும் கண்தான் போதவில்லை. 50 தொழிற்சாலைக்கு ஒரு ஆய்வாளர், 200 மருந்துக்கடைக்கு ஒரு ஆய்வாளர் வேண்டும் என்று மருந்துக் கட்டுப்பாட்டை ஆராய்ந்த மஷேல்கர் குழு 2003-லேயே கணக்குச் சொன்னது. ஆள் பற்றாக்குறை என்ற புலம்பல் இன்றும் எல்லா மாநிலங்களிலும் கேட்கிறது.

இதற்கிடையே 2017-ல் நடந்த ஒரு மாற்றம் பெரிதாகப் பேசப்படவில்லை. அதுவரை மருந்துத் தயாரிப்பு உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தச் சாக்கிலாவது அதிகாரி உள்ளே போவார். அதை மாற்றி, கட்டணத்தைக் கட்டினால் உரிமம் தொடரும் என்று ஆக்கினார்கள். தொழில் நடத்துவது எளிதாக வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால், இட்லிக் கடை உரிமமும் குழந்தை மருந்து உரிமமும் ஒரே எளிமையில் நடக்கக் கூடாது.

2023-ல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம், மருந்துத் தரக் குற்றங்களில் ஒரு பகுதியைப் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ள வழி விட்டது. மரணம் விளைவித்த வழக்குகளுக்கு அது பொருந்தாது என்பது உண்மை. ஆனால், மரணத்துக்கு முந்தைய படி தரக்குறைவுதானே? ‘எங்கள் பேட்ச் தரமில்லை என்று மூன்று முறை மாட்டினோம், கட்டணம் கட்டி முடித்துவிட்டோம்’ என்று ஒரு நிறுவனம் சொல்ல முடிந்தால், நான்காவது பேட்ச்சைக் குடிப்பவர் யார்?

தயாரிப்பு முறைக்கான ‘ஷெட்யூல் எம்’ விதிகளை மத்திய அரசு 2023 இறுதியில் கடுமையாக்கியது. பெரிய நிறுவனங்களுக்கு ஆறு மாதம், சிறியவற்றுக்கு ஓராண்டு அவகாசம். சிறிய நிறுவனங்கள் கேட்டுக்கொண்டதால் அந்த அவகாசம் 2025 டிசம்பர் வரை நீண்டது. கோல்ட்ரிஃப் அந்த நீட்டிப்புக் காலத்துக்குள் தயாரானது.

சிறு நிறுவனங்களின் தரப்பையும் கேட்க வேண்டும். புதிய கருவிகளுக்கும் ஆய்வகத்துக்கும் கோடிக்கணக்கில் செலவாகும். மூடினால் வேலை போகும், மலிவு மருந்து குறையும் என்கிறார்கள். வங்கிக் கடனோ, வட்டிச் சலுகையோ, நாலு நிறுவனங்களுக்குப் பொதுவாக ஒரு சோதனைக் கூடமோ அரசு தரட்டும், தாராளமாகத் தரட்டும். சோதனையிலிருந்து விலக்கு மட்டும் தரக் கூடாது. ஒரு பேரல் கரைப்பானைச் சோதிக்க முடியாத நிறுவனத்துக்குச் சிரப் தயாரிக்கும் உரிமம் எதற்கு?

மூன்று பாட்டில்கள்

இந்தக் கட்டுரைக்காக விதிகளைப் புரட்டியபோது என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான்.

முதல் பாட்டில், வெளிநாட்டுக்குப் போவது. காம்பியா, உஸ்பெகிஸ்தான் மரணங்களுக்குப் பிறகு 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் மருந்தை அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்கினால்தான் கப்பலேற்ற முடியும்.

இரண்டாவது பாட்டில், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் கிடைப்பது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை வாங்கிக் கிடங்கில் இறக்கியதும், பேட்ச் வாரியாக மாதிரி எடுக்கிறது. நிறுவனத்தின் பெயர் தெரியாதபடி குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. தேறினால்தான் மருத்துவமனைக்குப் போகும். தேறாத நிறுவனம் கறுப்புப் பட்டியலுக்குப் போகும். பல மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுப்போன முறை இது. ஓ.பி. சீட்டோடு வரிசையில் நிற்கும் ஏழைத் தாய்க்கு இந்தப் பாதுகாப்பு முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. இதை நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாவது பாட்டில், தெருமுனை மருந்துக்கடையில் காசு கொடுத்து நீங்களும் நானும் வாங்குவது. விற்பனைக்கு முன்னால் இதைத் தயாரித்தவரைத் தவிர வேறு யாரும் சோதிப்பதில்லை. எப்போதாவது ஒரு ஆய்வாளர் கடைக்கு வந்து மாதிரி எடுப்பார். முடிவு வருவதற்குள் அந்த பேட்ச் விற்றுத் தீர்ந்திருக்கவும் கூடும். கெட்ட மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதுகூட நம் நாட்டில் நெடுங்காலம் வழிகாட்டுதலாகவே இருந்தது.

வெளிநாட்டுக் குழந்தைக்குச் சோதனை உண்டு. அரசு மருத்துவமனைக் குழந்தைக்கும் உண்டு. சிந்த்வாராவின் குழந்தை குடித்தது மூன்றாவது பாட்டில்.

சின்னஞ்சிறு காம்பியா, 70 குழந்தைகளைப் புதைத்த பிறகு, இந்தியாவிலிருந்து வரும் மருந்துகள் கப்பலேறும் முன்பே சோதிக்கப்பட வேண்டும் என்று 2023 ஜூலை முதல் விதித்தது. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது? எல்லா மருந்துக்கும் இப்போதே முடியாது என்றால், குழந்தைகளுக்கான திரவ மருந்துகளிலிருந்து ஆரம்பிக்கலாம். அதுவும் முடியாது என்றால், கரைப்பான் பேரல்களிலிருந்து ஆரம்பிக்கலாம். இந்த மரணங்களில் பலவற்றுக்கும் காரணம் எங்கோ ஒரு மூலையில் இறங்கிய ஒரு பேரல்தான். அதை விற்றவர், வாங்கியவர், சோதித்தவர் என்ற மூன்று பெயரும் பதிவாகிவிட்டால் விஷம் உள்ளே வருவதற்குப் பாதி வழி அடைபடும்.

பெட்டிச் செய்தி: வீட்டில் குழந்தை இருக்கிறதா?

இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. பெரும்பாலான இருமல் தானாகவே சரியாகிவிடும்.

மருந்து வாங்கினால் பில் கேளுங்கள். பில்லில் பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டில் தீரும்வரை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

போன மாதம் அண்ணனுக்கு எழுதிய சிரப்பை இந்த மாதம் தங்கைக்குக் கொடுக்காதீர்கள்.

மருந்து குடித்த குழந்தைக்கு வாந்தி, அதிகச் சோர்வு, சிறுநீர் குறைவது என்று எது தெரிந்தாலும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

மருந்தின் பக்கவிளைவுகளை நீங்களே நேரடியாகப் புகார் செய்யலாம். கட்டணமில்லா எண்: 1800-180-3024.

தேதியைக் காட்டுங்கள்

மத்தியப் பிரதேச அரசு குடும்பங்களுக்குத் தலா 4 லட்சம் ரூபாய் அறிவித்தது. தேசிய மருந்துக் கட்டுப்பாட்டாளர், விற்பனைக்கு விடும் முன் ஒவ்வொரு பேட்ச்சும் சோதிக்கப்படுகிறதா என்று பார்க்குமாறு மாநிலங்களுக்கு மறுபடி எழுதினார். ஏற்கெனவே விதியில் இருப்பதை மீண்டும் கடிதமாக எழுத வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்கிறது. ராம்நகருக்குப் பிறகும் இப்படித்தான் பரபரத்தோம், காம்பியாவுக்குப் பிறகும் பரபரத்தோம். இந்த வரலாற்றையெல்லாம் தினேஷ் தாக்கூரும் பிரசாந்த் ரெட்டியும் 2022-ல் ‘தி ட்ரூத் பில்’ என்ற நூலில் அடுக்கடுக்காக எழுதிவைத்திருக்கிறார்கள். நம்மை யாரும் எச்சரிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

தமிழ்நாடு அரசிடம் இரண்டு கோரிக்கைகள். மருத்துவப் பணிகள் கழகம் தன் கிடங்கில் செய்வதைக் குழந்தைகளின் சிரப்புகளுக்கு மட்டுமாவது வெளிச் சந்தைக்கும் விரிவாக்குங்கள். செய்யத் தெரிந்த ஆட்கள், அனுபவம், ஆய்வகம் எல்லாம் சென்னையிலேயே இருக்கின்றன. இரண்டாவது கோரிக்கைக்குப் பைசா செலவில்லை. மாநிலத்தில் உள்ள ஒவ்வொரு மருந்துத் தொழிற்சாலையின் பெயருக்கு எதிரிலும், அங்கே மருந்து ஆய்வாளர் கடைசியாகப் போன தேதியையும் கண்ட குறைகளையும் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் போடுங்கள். சுங்குவார்சத்திரத்தின் அந்தத் தேதி 2025 மே மாதத்துக்கு முன்பே நம் கண்ணில் பட்டிருந்தால், யாராவது ஒருவர் கேள்வி கேட்டிருப்போம்.